ஓநாய்க்கு வைத்த விருந்து

"ஐயர் தை அமாவாசைக்கு நாள் தந்திட்டார்" என்றார் கனகலிங்கம்.

தவநாயகி கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கெண்டு உமக்குத் தெரியும்."

"தெரியாது. வாயாலை சொல்லுங்கோ."

அவர் மேசையில் கிடந்த மாத்திரைப் பெட்டியைத் திறந்தார், மூடினார். லண்டன் மனோர் பார்க்கில் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளில் ஒன்று அது. அந்தச் சமையலறையில் அவர்கள் போடாத சண்டையில்லை. இந்த ஒரு சொல்லை மட்டும் இருவரும் சுற்றிக்கொண்டு போவார்கள்.

யனுஷன் அவர்களுடைய ஒரே மகன். 2009 வைகாசியில், வன்னியில் எல்லாம் முடிந்துபோன அந்த நாட்களில், விசாரணைக்கென்று பிரித்தெடுத்தவர்களோடு ஒரு பஸ்ஸில் ஏறினான். பத்தொன்பது வயது. தாய் பார்த்துக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு உடம்பும் வரவில்லை, செய்தியும் வரவில்லை. கனகலிங்கம் அப்போது லண்டனில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் வேலை செய்துகொண்டிருந்தார். மனைவியைக் கூப்பிட்டெடுக்க மேலும் சில வருடங்கள் பிடித்தன. அவள் வந்து இறங்கியபோது கேட்ட முதல் கேள்வி, "பிள்ளைக்கு ஒரு அறை ஒதுக்கி வைச்சிருக்கிறியளோ?" என்பதுதான்.

"மாசியிலை என்ர நெஞ்சைத் திறக்கப் போறாங்கள், தவம்" என்றார் அவர். "திறக்கிறவங்கள் திருப்பி மூடுவாங்களோ தெரியாது. நான் போனபிறகு அவனுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணியும் ஆர் இறைக்கிறது? காலம் முழுக்க அவன் அலைஞ்சு திரியிறதோ?"

"உயிரோடை இருக்கிற பிள்ளையள் அலையுங்கள், திரியுங்கள். அது அதுகளின்ர வயசு."

"ஐயர் சொல்லுறார், உடம்பு கிடைக்காட்டில் தர்ப்பையிலை உருவம் செய்து..."

"என்ர பிள்ளையைப் புல்லிலை செய்யப் போறாரோ?" கத்தி இப்போது நின்றது. "இஞ்சருங்கோ. உங்கட நெஞ்சுக்கு நான் நேத்தி வைக்கிறன், விரதம் இருக்கிறன். ஆனா நான் இருக்கிற வரைக்கும் அவனுக்குப் பிண்டம் வைக்க விடமாட்டன்."

மேலே மரத்தரை கிறீச்சிட்டது. கனகலிங்கம் கூரையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"மேலை இருக்கிறவ வந்த பிறகுதான் உமக்குப் பிடிவாதம் கூடினது."

அதில் உண்மை இல்லாமலில்லை.

மேலே, யனுஷனுக்கென்று ஒதுக்கிய அறையில் இருந்தவள் பராஸ்கா. உக்ரைனிலிருந்து ஓடி வருபவர்களுக்கு வீட்டில் இடம் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, தவநாயகிதான் பிடிவாதமாகப் பெயர் கொடுத்தாள். "நானும் முகாமிலை தரப்பாளுக்குக் கீழை கிடந்தனான்" என்றாள். கனகலிங்கம் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு குடும்பம் வரும், குழந்தைகள் வரும் என்று பார்த்தால், பூப்போட்ட தலைத்துணியும் கம்பளி விரிப்பொன்றைச் சுருட்டிக் கட்டிய பொதியுமாக ஒரு தனிப் பெண் வந்து வாசலில் நின்றாள். தவநாயகியின் வயதுதான் இருக்கும். வேலை செய்து காய்த்த கைகள்.

உக்ரைன்காரி என்றால் ஓமென்று தலையசைப்பாள். பிறகு நெஞ்சில் தட்டி "ஹுட்சுல்" என்பாள். கார்பாத்திய மலைகளில் ஆடு மேய்த்து, மரம் வெட்டி வாழும் சனம். அந்த மலைக்குக் குண்டு வந்திருக்கவில்லை. அவளுடைய மகன் யூர்க்கோதான் தாயைப் பிடித்து அனுப்பினான். "நீ தூரத்தில் பத்திரமாக இருந்தால்தான் நான் பயமில்லாமல் சண்டையில் நிற்பேன்" என்றானாம். அவள் வந்து ஒரு வருடம் முடியுமுன் அவனிடமிருந்து போன் வருவது நின்றது. 'காணவில்லை' என்று ராணுவத்திலிருந்து அறிவித்தார்கள்.

அன்றைக்குத் தவநாயகி படியேறிப் போய் அவளருகில் தரையில் உட்கார்ந்தாள். சொல்வதற்கு இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இருக்கவில்லை. அரைகுறை ஆங்கிலம் கொஞ்சம், மிச்சத்துக்குக் கை. அதுவும் போதாதபோது பராஸ்காவின் கைபேசி. அவள் அதற்குள் தன் மொழியில் பேசினால், அது செய்தி வாசிக்கும் பெண்ணின் குரலில் தமிழ் பேசும். தவநாயகியை அது எப்போதும் 'ஐயா' என்றே கூப்பிடும்.

"அட, உந்த ரெலிபோன் ஒண்டுதான் இந்த வீட்டிலை உம்மை ஆரெண்டு சரியாக் கண்டுபிடிச்சது" என்று கனகலிங்கம் ஒருநாள் சொன்னதற்கு மூவரும் சிரித்தார்கள்.

பராஸ்காவின் ஊரில் வீடுகள் சரிவுகளில் தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு சாவு விழுந்தால், ஆளைவிட நீளமான மரக்குழல் ஒன்றை முற்றத்தில் நின்று ஊதுவார்கள். மலை முழுக்கக் கேட்கும். கேட்டவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வருவார்கள். யூர்க்கோவுக்கு ஊதிவிடலாம் என்று உறவினர்கள் கேட்டார்கள். பராஸ்கா மனோர் பார்க்கிலிருந்து போனில் கத்தினாள். குழலை எடுத்தால் திரும்பி வந்து அதை உடைப்பேன் என்றாள்.

தவநாயகிக்கு அது நன்றாக விளங்கியது. வேறு யாருக்கும் அது அப்படி விளங்கியிருக்காது. வேலை முடிந்து பராஸ்கா வந்ததும் இருவரும் சமையலறையில் தேநீர் குடிப்பார்கள். "செய்தி?" என்று இவள் கேட்பாள். அவள் இல்லையென்று தலையாட்டுவாள். "செய்தி?" என்று அவள் கேட்பாள். இவள் தலையாட்டுவாள். பிறகு பிஸ்கட்.

தை அமாவாசைப் பேச்சு வந்த அந்த வாரந்தான் தவநாயகி படியேறிப் போய்க் கேட்டாள். "உம்மட நத்தார்ச் சாப்பாட்டை இந்த முறை கீழை வைச்சுச் செய்யும். எங்களோடை."

பராஸ்கா மூன்று வருடமாக அந்தக் கிறிஸ்துமஸ் இரவு விருந்தைத் தன் அறைக்குள், ஜன்னலோரம், தனியாகவே செய்துவந்தாள். முகம் மலர்ந்து போனது அவளுக்கு.

ஜனவரி ஆறாம் தேதி பின்னேரம் பக்கத்து வீட்டுச் சுசிலா வாசலில் நின்று மணம் பிடித்தாள்.

"என்ன தவமக்கா, ஊரெல்லாம் நத்தார் மரத்தைத் தூக்கி ரோட்டிலை எறிஞ்சாச்சு. உங்கட வீட்டிலை இண்டைக்குத்தான் தொடங்குதோ?"

"அவையின்ர பழைய கணக்கு இண்டைக்குத்தான்."

"இப்ப அவையும் டிசம்பருக்கு மாத்திப் போட்டினம் எண்டு ரீவியிலை சொன்னவங்களே!"

"சபை மாத்தினது. பராஸ்கா மாத்தேல்லை."

ஏனென்று சுசிலாவுக்கு அவள் சொல்லவில்லை. நாள் மாறியது யூர்க்கோ காணாமற்போன பிறகு. "அவனுக்கு இது தெரியாது" என்று பராஸ்கா சொல்லியிருந்தாள். "எங்கே இருந்தாலும் அவன் ஆறாம் தேதியைத்தான் எண்ணிக்கொண்டிருப்பான்."

பன்னிரண்டு வகை வைக்க வேண்டும், இறைச்சி கூடாது. செவ்வாய்க்கிழமை என்பதால் மீனும் வேண்டாம் என்றாள் தவநாயகி. மீனுக்குப் பதில் வாழைக்காய்ப் பொரியல் போனது. காளான், அவரை விதை, முட்டைக்கோவா இலையில் சுருட்டிய சோறு, உலர்ந்த பழங்களை அவித்த தண்ணீர் எல்லாம் மேசையில் இருந்தன. நடுவில் முழுக் கோதுமையை வேகவைத்துத் தேனும் கசகசாவும் சேர்த்த கிண்ணம். மேசைவிரிப்புக்குக் கீழே வைக்கோல். வைக்கோலுக்குப் பராஸ்கா முயல் வளர்ப்பவர்களின் கடைக்குப் போயிருந்தாள்.

"முதல் நட்சத்திரம் தெரிந்தால்தான் சாப்பிடலாம்" என்றது கைபேசி.

கனகலிங்கம் பின்கதவால் எட்டிப் பார்த்தார். லண்டன் ஜனவரி வானம், ஈயச் சட்டியைக் கவிழ்த்தது போல. "அந்தா, ஒண்டு தெரியுது. நகருது. சிட்டி எயார்போட்டுக்கு இறங்குது போலை."

"சும்மா இருங்கோப்பா."

"நான் மாத்திரை போட வேணும், பிள்ளை. விமானத்தை நட்சத்திரமா எடுக்கச் சொல்லிக் கேளும்."

பராஸ்கா எடுத்துக்கொண்டாள். சிரித்தபடி கோதுமையில் ஒரு கரண்டி அள்ளி, எதிர்பாராமல் மேலே வீசினாள். பொத்தென்று கூரையில் ஒட்டியது.

"ஐயோ! போன மாசந்தானே பெயின்ற் அடிச்சனான்!"

"எவ்வளவு ஒட்டுகிறதோ அவ்வளவு செழிப்பு, ஐயா" என்றது கைபேசி.

"செழிப்பெண்டா நீயே வந்து துடை."

உட்காரும் முன் பராஸ்கா தன் கதிரையைக் குனிந்து ஊதினாள். இறந்தவர்கள் இன்றைக்கு வந்திருப்பார்கள், அவர்கள்மீது உட்கார்ந்துவிடக் கூடாது என்றாள். எங்களைப் போலத்தான், விரத நாளில் காகத்துக்கு வைத்துவிட்டுச் சாப்பிடுகிற சனந்தான் என்று தவநாயகி நினைத்தாள். அவளும் ஊதிவிட்டு உட்கார்ந்தாள். மேசையில் நான்கு கரண்டிகள். நான்காவது யூர்க்கோவுடையது. அது இறந்தவர்களுக்கு இல்லை, பயணத்தில் இருப்பவனுக்கு என்று பராஸ்கா அழுத்திச் சொன்னாள். சாப்பிடும் முன் கூப்பிடும் சடங்கொன்று இருக்கிறது என்றும் சொன்னாள்.

அப்போதுதான் தவநாயகி அதைக் கேட்டாள். "கூப்பிடுறது எண்டு சொன்னீரே. ஆரை எல்லாம் கூப்பிடுவீர்?"

பராஸ்கா கைபேசிக்குள் பேசினாள். "காட்டில் வழி தவறியவர்கள், வெள்ளத்தில் போனவர்கள், யாருக்கும் எந்தச் செய்தியும் தெரியாதவர்கள், அவர்கள் எல்லோரையும் இன்றைக்குச் சாப்பிட அழைப்போம், ஐயா."

யாருக்கும் எந்தச் செய்தியும் தெரியாதவர்கள்.

தவநாயகி எழுந்தாள். ஐந்தாவது கரண்டி ஒன்றை இழுப்பறையிலிருந்து எடுத்து வந்து வைத்தாள். கனகலிங்கம் அதைப் பார்த்தார். மாத்திரையை விழுங்கினார்.

பராஸ்கா மெழுகுதிரி ஏற்றி, மேசையருகே நின்று, தலை குனிந்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள். சாப்பாட்டு ஜெபம் என்று தவநாயகி எடுத்துக்கொண்டாள். பிறகு பராஸ்கா ஒரு கிண்ணத்தில் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொண்டு, பின்கதவைத் திறந்து வீட்டுப் பின்புறக் கோடிக்குள் இறங்கினாள். பின்னால் குப்பைத் தொட்டிகள், அதற்குப் பின்னால் மரவேலி, வேலிக்கு மேல் ரயில் பாதையின் வெளிச்சம். குளிரில் அவளுடைய மூச்சு புகைந்தது.

அவள் இருட்டைப் பார்த்து உரத்துக் கூப்பிட்டாள். ஒரு பெயர், பிறகு "ஹோடி!" இன்னொரு பெயர், "ஹோடி!"

தவநாயகி படியில் நின்றாள். அந்த ஒரு சொல் அவளுக்குத் தெரியும். தேநீருக்குக் கூப்பிடும்போது பராஸ்கா சொல்லும் சொல் அது. வா. இப்போதுதான் கூப்பிடுகிறாள், இதுதான் அது என்று அவளுடைய நெஞ்சு அடித்தது. பதினாறு வருடமாக அவள் அரசாங்கக் கந்தோர் கந்தோராகப் போய் மகனின் படம் காட்டியிருக்கிறாள், விரதம் இருந்திருக்கிறாள், காத்திருந்திருக்கிறாள். வாய் திறந்து அவனைப் பெயர் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"யனுஷன், ஹோடி!"

பராஸ்காவுக்கு அது கேட்கவில்லை. அவள் கண்களை மூடிக்கொண்டு இரண்டாம் தரம் கூப்பிட்டாள். தவநாயகியும் கூப்பிட்டாள். மூன்றாம் தரம் இன்னும் உரத்து. பக்கத்துக் கோடியில் விளக்கு எரிந்தது.

பிறகு பராஸ்கா ஒரு நீண்ட வரியைச் சொன்னாள். சாபம் போல, ஆணை போல இருந்தது. தவநாயகி அதையும் சொன்னாள், பின்னாலேயே, சொல் சொல்லாக. பொருள் தெரியாத மந்திரத்தை ஐயர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிப் பழகிய நாக்கு அவளுடையது. கலியாணத்தில் சொன்னாள், புதுவீட்டுக் குடிபூரலில் சொன்னாள், தாய்தகப்பனின் திதியில் சொன்னாள். ஒருநாளும் அர்த்தம் கேட்டதில்லை. ஒன்றை மட்டும் மாற்றினாள். பராஸ்கா சொன்ன பெயருக்குப் பதிலாகத் தன் மகனின் பெயரைப் போட்டாள். உரத்து, தெளிவாக.

பராஸ்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். கிண்ணம் சீமெந்துத் தரையில் விழுந்து உடைந்தது. ஓடி வந்து தவநாயகியின் வாயைக் கையால் பொத்தினாள்.

"என்ன? என்ன பராஸ்கா? பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

பராஸ்கா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்த்தினாள். கைபேசியை எடுத்தாள். ஏதோ பேசினாள், நிறுத்தினாள், அழித்தாள். அவளுடைய மலைப் பேச்சை அந்தக் கருவி சரியாகப் பிடிப்பதில்லை. பள்ளிக்கூடத்து உக்ரைன் மொழியில் மெதுவாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது தடவைதான் செய்தி வாசிக்கும் பெண்ணின் குரல் வந்தது. அந்தக் குரலுக்கு எல்லாம் ஒன்றுதான்.

"ஐயா, இரண்டு அழைப்புகள் உண்டு. தொலைந்த ஆன்மாக்களை மேசையருகில், மெதுவாக அழைப்போம். வெளியே போய் அழைப்பது ஓநாயை, உறைபனியை, புயலை. இந்த வருடங்களில் நான் போரையும் சேர்த்துக்கொள்கிறேன். மூன்று முறை அழைப்போம். அவை வராது. அப்போது சொல்வோம்: அழைத்தபோது நீ வரவில்லை, ஆகையால் இனி எந்நாளும் வராதே, இந்த வீட்டை மறந்து போ."

கனகலிங்கம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கள் ஓநாயின் இடத்தில் உங்கள் மகனை வைத்துவிட்டீர்கள், ஐயா."

தவநாயகி வெகுநேரம் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது இன்னும் ஏதாவது சொல்லும் என்பது போல.

"பஸ்ஸிலை ஏறேக்கை நான் 'போட்டு வா' எண்டுதான் சொன்னனான்" என்றாள். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. "சனம் எல்லாம் குழறுது. அந்த நேரத்திலையும் நான் 'போ' எண்டு சொல்லேல்லை. 'போட்டு வா ராசா' எண்டன். அவன் ஜன்னலாலை தலையாட்டினவன். இண்டைக்கு இந்த வாயாலை வராதை எண்டு சொல்லிப்போட்டன்."

அன்றைக்கு மேசையில் இருந்த பன்னிரண்டு வகையையும் ஒருவரும் தொடவில்லை.

அடுத்த நாட்களில் அவள் சமைத்தாள், பரிமாறினாள், தான் சாப்பிடவில்லை. தேநீர் மட்டும் குடித்தாள். பின்கதவைத் திறந்துவிட்டு, பராஸ்காவின் கம்பளி விரிப்பைப் போர்த்திக்கொண்டு அதற்கு நேரே உட்கார்ந்திருந்தாள்.

"ஹீற்றிங் முழுக்க வெளியிலை போகுது, பிள்ளை" என்றார் கனகலிங்கம். பிறகு அந்தப் பேச்சையும் விட்டார். ஒரு கோட்டைப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

"இஞ்சரும், தவம். அவனுக்கு அந்தப் பாஷை விளங்காது."

அவள் விரிப்பை இன்னும் இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

"எனக்கே விளங்கேல்லை. அவன் தமிழிலை சொன்னாலே கேளாதவன். சின்னனிலை மூண்டு தரம் கூப்பிட்டால்தானே சாப்பிட வருவான்? எங்கையோ ஒரு மறியலுக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கு, மனோர் பார்க் கோடிக்குள்ளை நிண்டு சொன்னது கேக்குமே?"

பதினாறு வருடத்தில் முதல் தடவையாக அவர் அப்படிப் பேசினார், மகன் எங்கோ இருக்கிறான் என்று. அவளுக்காகத்தான் பேசினார். அவர் பொய் பேசத் தெரியாதவர், குரல் தட்டுத்தடுமாறியது.

"கேக்கும்" என்றாள் அவள்.

"எப்பிடிக் கேக்கும்?"

"கேக்குமப்பா. சொல்லி முடிக்கேக்கையே எனக்குத் தெரியும். வேலிக்குப் பக்கத்திலை நிண்டு கேட்டுப்போட்டுத் திரும்பிப் போனவன் மாதிரி இருந்தது."

கனகலிங்கம் வேலியைப் பார்த்தார். உயிரோடு ஒரு சிறைக்குள் இருப்பவனுக்குக் கேட்காது. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்கக்கூடியவர்கள் யாரென்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். இந்த ஒன்றை அவள் ஒத்துக்கொள்ள வேண்டுமென்று எத்தனை வருடம் கெஞ்சியிருப்பார்! இப்போது கேட்டபோது, இன்னும் கொஞ்சநாள் அவள் மறுத்திருக்கலாமே என்றிருந்தது.

அன்று பின்னேரம் பராஸ்கா வேலையால் வந்ததும் தவநாயகி அவளை மறித்தாள். "சொன்னதை எப்பிடித் திருப்பி எடுக்கிறது? கேட்டுச் சொல்லும். உம்மட ஊரிலை போன் அடிச்சுக் கேளும்."

பராஸ்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் ஊருக்குப் பேசினாள். ஒரு கிழவியிடம், பிறகு பாதிரியாரிடம். முடிந்ததும் கைபேசியைத் தமிழுக்குத் திருப்பினாள்.

"வெளியே சொன்னதைத் திரும்பப் பெற முடியாது, ஐயா. அடுத்த வருடம், அதே நாளில், மேசையருகில் மெதுவாக அழைக்கலாம். ஆன்மாக்களோடு."

"அடுத்த வருஷம் வரைக்கும் அவன் வெளியிலை நிக்கிறதோ?"

தன்னால்தான் இது நடந்தது என்று பராஸ்கா அழுதாள். தவநாயகி அவளுடைய தலைத்துணியைச் சரிசெய்துவிட்டாள். "உம்மட பிழை இல்லை. நான் கேளாமல் சொன்னனான்."

பிறகு முன்னறைக்குப் போனாள். கனகலிங்கம் ரீவிக்கு முன்னால் இருந்தார், பார்க்காமல்.

"அமாவாசைக்கு ஐயர் என்ன செய்வார்?"

அவர் மெதுவாக ரீவியை நிறுத்தினார். "என்ன கேக்கிறீர்?"

"தர்ப்பையிலை உருவம் செய்து? பிறகு? கூப்பிடுவாரோ?"

"ஓம். ஆவாகனம் எண்டு சொல்லுறது. பேரும் நட்சத்திரமும் சொல்லி, வந்து இதிலை இரு எண்டு கூப்பிட்டுத்தானே பிண்டம் வைக்கிறது."

"வா எண்டு?"

"வா எண்டுதான்."

அவள் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். வா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு வழிதான் மிச்சமிருந்தது. அந்த வழியில் போனால் மகன் செத்துப்போனவன். போகாவிட்டால் தாய் துரத்திவிட்டவன்.

"அப்ப செய்வம்" என்றாள். "ஐயருக்கு போன் எடுங்கோ."

அவர் போனை எடுக்கவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு இருந்தார். அவள்தான் இலக்கத்தைத் தேடி எடுத்தாள்.

தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமை வந்தது. பராஸ்காவையும் வரச் சொன்னார்கள். அவள் படியின் பாதியில் நின்று மறுத்துத் தலையாட்டினாள். "நான் வந்தால், யூர்க்கோ..." என்று ஆங்கிலத்தில் தொடங்கினாள். தவநாயகி அவளை வற்புறுத்தவில்லை.

கிரியை ஈஸ்ட்ஹாமில் ஐயரின் வீட்டு கராஜில் நடந்தது. காரை வெளியே எடுத்துவிட்டு, தரையில் பாய் விரித்து, கோலம் போட்டிருந்தது. ஓரத்தில் பிள்ளைகளின் சைக்கிள்கள். தர்ப்பையை முறுக்கிக் கட்டிய உருவம் ஒரு வாழையிலையில் கிடந்தது. முழங்கை நீளம்கூட இல்லை. யனுஷன் ஆறடிக்குக் கிட்ட இருந்தவன்.

ஐயர் இளையவர். கனிவாகப் பேசினார். "ஐயா, நான் சொல்லச் சொல்லச் சொல்லுங்கோ."

கனகலிங்கம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். தோள்கள்தான் குலுங்கின.

"இவருக்கு நெஞ்சு ஏலாது. நான் சொல்லுறன்" என்றாள் தவநாயகி. பாயில் முன்னுக்கு நகர்ந்தாள். ஐயர் தொடங்கும்போது கையை நீட்டித் தடுத்தாள். "உதுக்கு என்ன அர்த்தம், ஐயா? முதல் அதைச் சொல்லுங்கோ. பிறகு சொல்லுறன்."

ஐயர் புருவத்தை உயர்த்தினார். அவரை அப்படி ஒருவரும் கேட்டதில்லை. "வழி தெரியாமல் நிக்கிறவனே, இந்தப் புல்லிலை வந்து இரு, நாங்கள் தாறதை ஏற்றுக்கொள் எண்டு கருத்து, அம்மா."

"வராதை, போ எண்டு எங்கையும் வருதோ?"

"கடைசியிலை அனுப்பி வைக்கிற மந்திரம் ஒண்டு இருக்கு. நல்ல இடத்துக்குப் போ எண்டு."

"அதை நான் சொல்லமாட்டன். நீங்களே சொல்லுங்கோ."

ஐயர் அவளைப் பார்த்தார். சரியென்று தலையசைத்தார்.

அவர் சொன்ன வரிகளை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு அவர் கேட்காமலேயே குனிந்து, அந்தப் புல்லுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, தமிழில் கூப்பிட்டாள். "யனுஷன், வா ராசா. அம்மா அண்டைக்குச் சொன்னது உனக்கில்லை. வந்து சாப்பிடு."

சோற்று உருண்டையை வைத்தாள். கனகலிங்கம் எள்ளும் தண்ணீரும் இறைத்தார். தர்ப்பையை உள்ளே கொளுத்த முடியாது, புகை மணி அடித்துவிடும். ஐயர் அதை ஒரு வெள்ளித்தாள் தட்டில் வைத்து வெளியே வீதியோரம் கொண்டுபோய்க் கற்பூரம் ஏற்றினார். புல் சட்டென்று பிடித்து, சட்டென்று முடிந்தது. நாயோடு போன ஒரு வெள்ளைக்காரர் ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து, தலைக்குத் தண்ணீர் வார்த்து, கனகலிங்கம் படுத்துவிட்டார். தவநாயகி ஈரத்தலையோடு சமையலறைக்கு வந்தாள். பராஸ்கா அங்கே இருந்தாள். தேநீர் போட்டு வைத்திருந்தாள். ஆனால் வழக்கமான கதிரையில் உட்காரவில்லை, மேசைக்கு மறுபக்கம், தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"செய்தி?" என்று இருவரும் கேட்கவில்லை.

தேநீர் பாதி போன பிறகு பராஸ்கா கைபேசியை எடுத்தாள். மிகவும் மெதுவாகப் பேசினாள்.

"நீங்கள் அழைத்தபோது அவன் வந்தானா, ஐயா?"

தவநாயகி யோசித்தாள். பாய், சைக்கிள்கள், எரிந்த புல். எதிரே இருப்பவளின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் பயம் இருந்தது, ஆசையும் இருந்தது.

"வந்தான்" என்றாள்.

பராஸ்கா கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மறுபடியும் கைபேசிக்குள் பேசினாள். "அப்படியென்றால் நானும் அடுத்த வருடம் யூர்க்கோவை, மேசையருகில்..."

"வேண்டாம்."

தவநாயகி கையை நீட்டிக் கைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். அதற்குப் பேசிப் பழக்கமில்லாததால் வாயை மிகவும் கிட்டக் கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக, செய்தி வாசிப்பது போலச் சொன்னாள். "உம்மட பிள்ளையை நீர் கூப்பிடாதையும், பராஸ்கா. அவன் பயணத்திலை இருக்கிறான். கரண்டியை எடுத்து வையும். கூப்பிட வேண்டாம்."

கருவி கொஞ்சநேரம் யோசித்தது. பிறகு பராஸ்காவின் மொழியில் ஏதோ சொன்னது. சரியாகச் சொன்னதோ என்னவோ.

பராஸ்கா அதை இன்னொரு தடவை போட்டுக் கேட்டாள்.